விமானச் சாப்பாடு பாதுகாப்பாக இருக்க: ஃப்ளைட் கிச்சனிலிருந்து இருக்கை வரை முழுமையான வழிகாட்டி

விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. நடுவானில் நாம் ஆவி பறக்கப் பிரிக்கும் புலாவ், பெரும்பாலும் முந்தின நாளே தரையில் வெந்து, குளிரூட்டப்பட்டு, அலுமினியப் பெட்டியில் அடைபட்டு, லாரி ஏறி, விமானம் ஏறி, கடைசியில் ஒரு சின்ன அடுப்பில் சூடேறி வந்தது. ஹோட்டலில் அடுப்புக்கும் இலைக்கும் நடுவே பத்து நிமிடம்தான். இங்கே பத்து மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். ஃப்ளைட் கிச்சன் சுகாதார விதிகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியைச் சமாளிக்க வந்தவைதான்.

ஃப்ளைட் கிச்சனில் வேலைக்குச் சேரப்போகிறவர்கள், விமான நிறுவனங்களுக்கு உணவு தர நினைக்கும் கேட்டரிங்காரர்கள், கேட்டரிங் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பயணிகளுக்கும் இதில் விஷயம் உண்டு.

ஒரே ஒரு சமையல்காரரின் விரல்

படிகளுக்குப் போகும் முன் 1975 பிப்ரவரியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். டோக்கியோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 விமானம் அலாஸ்காவின் ஆங்கரேஜில் நின்று சாப்பாடு ஏற்றிக்கொண்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகனை நெருங்கும் நேரத்தில் காலைச் சாப்பாடாக ஹாம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) வைத்த ஆம்லெட் பரிமாறினார்கள். கொஞ்ச நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பிடிப்பு. 344 பயணிகள் இருந்த விமானத்தில் 197 பேர் நோயுற்றார்கள். அதில் 140-க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆங்கரேஜ் சமையலறையில் ஹாமைக் கையாண்ட ஒருவரின் விரல்களில் சீழ்ப்புண் இருந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அங்கிருந்துதான் போனது. ஆனால் புண்ணோடு கதை முடியவில்லை. அந்த உணவு சில மணி நேரம் சாதாரண அறை வெப்பத்தில் கிடந்தது. அப்புறம் 10 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருந்த, போதாத குளிரில் இரவு முழுக்க வைக்கப்பட்டது. பிறகு விமானத்தில் குளிர்சாதனமே இல்லாமல் பல மணி நேரம். கிருமி பெருகவும் நஞ்சைச் சுரக்கவும் தாராளமான அவகாசம்.

விமானத்தில் அதைச் சூடாக்கத்தான் செய்தார்கள். பயனில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி சூட்டில் செத்துவிடும். அது விட்டுப்போன நஞ்சு அரை மணி நேரம் கொதித்தாலும் தாக்குப்பிடிக்கும். விமானிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் உடல் கடிகாரத்துக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம் என்பதால் வேறு உணவு சாப்பிட்டிருந்தார்கள். தற்செயலாகத் தப்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி வரும் படிகளைப் படிக்கும்போது, ஒவ்வொன்றும் அந்த ஆம்லெட்டை எந்த இடத்தில் தடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 1: உரிமமும் ஆட்களும்

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம்தான் அடிப்படை. அதன் கீழ் இயங்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க உரிம எண் தருகிறது. விமான நிலையத்துக்குள் நடக்கும் உணவுத் தொழிலுக்கு மத்திய உரிமம் வேண்டும். இதுபோக, உணவு போவது விமானத்துக்கு என்பதால் பி.சி.ஏ.எஸ். என்ற விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதியும் தேவை. விமான நிறுவனங்கள் இதற்கு மேல் ஐ.எஸ்.ஓ. 22000 என்ற உணவுப் பாதுகாப்பு மேலாண்மைச் சான்றிதழும் கேட்பது வழக்கம். தங்கள் ஆட்களை அனுப்பித் தணிக்கையும் செய்வார்கள்.

சான்றிதழ் சுவரில் தொங்கட்டும். நான் ஒரு சமையலறைக்குள் போனால் முதலில் பார்ப்பது கை கழுவும் தொட்டியைத்தான். அதில் சோப்பு இருக்கிறதா, கை துடைக்கும் தாள் இருக்கிறதா, குழாயைக் கையால் தொடாமல் திறக்க முடிகிறதா? தொட்டிக்குள் வாளியோ கரண்டியோ கிடந்தால் அங்கே யாரும் கை கழுவுவதில்லை என்று அர்த்தம்.

பணியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும், உரிய அட்டவணைப்படி டைஃபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். 25 பேருக்கு ஒருவர் வீதம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். ஆனால் ஆண்டுப் பரிசோதனை நேற்று வந்த வயிற்றுப்போக்கைக் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது வாசலிலேயே கேட்க வேண்டும்: வாந்தி, பேதி, காய்ச்சல், கையில் புண் ஏதாவது உண்டா? அப்படிச் சொல்பவருக்கு அன்றைய சம்பளம் போகாது என்ற உறுதியும் கூடவே வேண்டும். சம்பளம் வெட்டுவார்கள் என்றால் எந்தத் தொழிலாளியும் வாய் திறக்க மாட்டார். கூலியில் மிச்சம் பிடிக்கும் நிர்வாகம் நோயை உள்ளே விடுகிறது.

சின்ன வெட்டுக்காயத்துக்கு நீல நிற பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை போட வேண்டும். ஏன் நீலம்? நீல நிறத்தில் உணவு அநேகமாகக் கிடையாது, விழுந்தால் கண்ணில் படும். சில பிளாஸ்டர்களுக்குள் மெல்லிய உலோகப் பட்டையும் இருக்கும். மெட்டல் டிடெக்டரில் சிக்கிவிடும்.

படி 2: எதைச் சமைக்கக் கூடாது என்று முடிவு செய்வது

மெனு போடும் நாளிலேயே பாதிப் பாதுகாப்பு தீர்மானமாகிவிடுகிறது. 1992 பிப்ரவரியில் புவனோஸ் அய்ரெஸிலிருந்து பெருவின் லிமா வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போன அர்ஜென்டினா விமானத்தில் 75 பேருக்குக் காலரா வந்தது. ஒருவர் இறந்தார். அப்போது பெருவில் காலரா பரவிக்கொண்டிருந்தது. லிமாவில் ஏற்றிய, சூடாக்காமல் பரிமாறும் கடலுணவு சாலட் மேல்தான் சந்தேகம் விழுந்தது. நோய் பரவியிருக்கும் ஊரில் அந்த உணவை ஏற்றியிருக்கவே கூடாது.

நம் பக்க மெனுவில் கவனிக்க வேண்டியவை: பச்சையாக அரைத்த தேங்காய்ச் சட்னி, வேகாத அல்லது அரைவேக்காட்டு முட்டை சேர்ந்த மயோனைஸ், பச்சை முளைப்பயறு, வெட்டி வைத்த பப்பாளியும் தர்பூசணியும், க்ரீம் கேக். இவற்றைத் தவிர்க்க முடியாவிட்டால் முறையை மாற்றலாம். சட்னிக்குப் பதில் தொக்கு, முட்டை மயோனைஸுக்குப் பதில் பாஸ்சரைஸ் செய்த பொருள்.

பலரும் அலட்சியமாக விடுவது சோற்றைத்தான். பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. வெந்த சோறு மெதுவாக ஆறும்போது வித்து முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சை விடும். அந்த நஞ்சும் சூட்டுக்கு அசையாது. சிக்கனைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு எலுமிச்சைச் சோற்றைப் பார்த்தும் பயப்படுங்கள்.

படி 3: சரக்கு எடுப்பது

லாரி வந்ததும் எடை பார்ப்பதற்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள். குளிரில் வர வேண்டியது 5 டிகிரிக்குள், உறைந்து வர வேண்டியது மைனஸ் 18-க்குப் பக்கத்தில். பெட்டிக்குள் ஐஸ் உருகி மறுபடி உறைந்த கட்டி தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். மரப்பெட்டி, கோணிப்பை, அட்டைப்பெட்டி எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது. கரப்பான் பூச்சி தன் காலால் நடந்து வருவதைவிட அட்டைப்பெட்டி மடிப்பில் முட்டையாக வருவதே அதிகம்.

படி 4: பச்சையும் வெந்ததும் சந்திக்காமல் இருக்க

நல்ல ஃப்ளைட் கிச்சனில் உணவு ஒரே திசையில் நகரும். ஒரு வாசலில் பச்சைக் காய்கறியும் இறைச்சியும் நுழைந்து, மறுவாசலில் ட்ரேயாக வெளியேறும். திரும்பி வருவதில்லை. பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலம், சாலட்டுக்கும் பழத்துக்கும் பச்சை, சமைத்த இறைச்சிக்கு மஞ்சள் என்பது பரவலான வழக்கம். கத்திக்கும் அதே நிறப் பிடி.

பச்சையாகப் பரிமாறும் காய், பழங்களை 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, குடிநீரில் அலசுங்கள். குளோரின் அளவைத் தாள் கீற்றால் சோதியுங்கள். மூக்கால் சோதிப்பவர்களும் உண்டு, நம்பாதீர்கள்.

இயந்திரங்களின் பிளேடுகளை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2024 ஜூனில் பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்தில் ஒரு பயணியின் அத்திப்பழ சாட்டில் பிளேடு போன்ற உலோகத் துண்டு கிடைத்தது. காய்கறி வெட்டும் இயந்திரத்திலிருந்து வந்தது என்று நிறுவனம் பிறகு சொன்னது.

படி 5: வேகவைப்பது

இதில் நம் ஊர்ச் சமையல்காரர்கள் கெட்டிக்காரர்கள். அரைவேக்காடு நமக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் கணக்கு வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அளவுகளின்படி அசைவ உணவின் நடுப்பகுதி 75 டிகிரியில் 15 விநாடி, அல்லது 70 டிகிரியில் 2 நிமிடம் இருக்க வேண்டும். புரோப் தெர்மாமீட்டரை மிகப் பருமனான துண்டின் நடுவில், எலும்பில் படாமல் குத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் துணியால் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் வைத்தால் பூஜ்யம் காட்டாத தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

படி 6: குளிரவைப்பது, எல்லாம் தீர்மானமாகும் இடம்

மற்ற படிகளைவிட இங்கேதான் அதிகத் தப்பு நடக்கிறது. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவே உள்ளது, கிருமி பெருகும் ஆபத்து மண்டலம். அதை உணவு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதுதான் கேள்வி. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கணக்கில் 60-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு இன்னொரு 2 மணி நேரத்துக்குள் வர வேண்டும். பிரிட்டனின் குளிரூட்டிய உணவு வழிகாட்டி இன்னும் கறார்: சமைத்து முடித்த 30 நிமிடத்துக்குள் குளிரூட்டத் தொடங்கி, அடுத்த 90 நிமிடத்தில் 3 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும்.

இதற்கு பிளாஸ்ட் சில்லர், அதாவது குளிர்காற்றை வேகமாக வீசிச் சூடான உணவைக் குளிர்விக்கும் இயந்திரம், இல்லாமல் முடியாது. கோல்ட் ரூம் வேறு, பிளாஸ்ட் சில்லர் வேறு. கோல்ட் ரூம் குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும். சூடானதைக் குளிர்விக்க அதற்குத் தெம்பு கிடையாது. ஆவி பறக்கும் குருமா அண்டாவை அதில் தள்ளினால் குருமாவும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் தயிரும் சூடாகும்.

பிளாஸ்ட் சில்லர் இருந்தும் தோற்பவர்கள் ஆழத்தில் தோற்கிறார்கள். ஒரு தட்டு நிறைய, கும்பலாக அழுத்தி வைத்த வெஜிடபிள் புலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொட்டால் மேலே ஜில்லென்றிருக்கும். ஓரத்தில் குத்தினால் 6 டிகிரி. நடுவில் குத்தினால் 30-ஐத் தாண்டும். லாக் ஷீட் எனும் வெப்பநிலைப் பதிவுத் தாளில் எழுத வேண்டியது இந்த நடு எண்ணைத்தான். ஆகவே இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், தட்டுகளுக்கு நடுவே காற்று போக இடம் விடுங்கள், மூடாமல் உள்ளே வைத்து, குளிர்ந்த பிறகு மூடுங்கள். இறைச்சிக் குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமி பெரிய பாத்திரத்தின் நடுச்சூட்டைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கும். நாலு சின்னத் தட்டில் ஊற்றிவிட்டால் அதற்கு வாய்ப்பில்லை.

நேரத்துக்குள் ஆறாத உணவை என்ன செய்வது? கொட்டுவது. திரும்பச் சூடாக்கி மறுபடி குளிரவைக்கலாமே என்று ஷெஃப் கேட்பார். 1975-ன் ஆம்லெட்டை நினைத்துக்கொண்டு மறுத்துவிடுங்கள்.

ஆறியதும் நாள் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் என்றால், தூரத்திலிருந்தே பழைய சரக்கு தெரிந்துவிடும்.

படி 7: பங்கு போடுவதும் ட்ரே அடுக்குவதும்

ஃப்ளைட் கிச்சனில் டிஷ்-அவுட் என்பார்கள். வெந்து குளிர்ந்த உணவைக் கையுறைக் கைகள் மறுபடி தொடும் இடம் இது. இனி கிருமியைக் கொல்லும் சூடு எதுவும் வரப்போவதில்லை என்று நினைத்து வேலை செய்யுங்கள். அறை குளிராக இருக்க வேண்டும், உணவு சின்னச் சின்னத் தொகுதியாக வெளியே வர வேண்டும். உணவின் மேற்பரப்பு 15 டிகிரியைத் தாண்டாமல், 45 நிமிடத்துக்குள் முடித்து மறுபடி கோல்ட் ரூமுக்கு அனுப்புவது பல இடங்களில் நடைமுறை.

அலங்காரத்தைச் சந்தேகப்படுங்கள். 1984-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களில் பலரைச் சால்மொனெல்லா தாக்கியபோது, காரணமானது முன்னுணவுகளின் மேல் ஊற்றிய ஆஸ்பிக் என்ற இறைச்சிச் சாற்று ஜெல்லி. நம் ஊரில் அந்த இடத்தில் கொத்தமல்லித் தழையை வைத்துப் பாருங்கள்: எல்லாம் ஒழுங்காக முடிந்த பிறகு, சரியாகக் கழுவாத தழையைக் கடைசியில் தூவுகிறோம்.

சிறப்பு உணவுகளைத் தனி மேசையில், தனிக் கரண்டியில் போடுங்கள். ஏ.வி.எம்.எல். என்றால் ஆசிய சைவம், வி.ஜே.எம்.எல். என்றால் ஜைனம். கலந்துவிட்டால் பயணியின் மனம் நோகும். ஒவ்வாமை விஷயத்தில் கலந்தால் உயிரே போகும். 2016-ல் லண்டன் ஹீத்ரோவில் வாங்கிய ரொட்டியில் எள் இருப்பது தெரியாமல் சாப்பிட்ட 15 வயதுச் சிறுமி, நீஸ் நகருக்குப் பறக்கும்போதே சரிந்து, பிறகு இறந்தார். அந்த ரொட்டியின் உறையில் எள் பற்றிய குறிப்பு இல்லை. பிரிட்டனில் 2021 அக்டோபரில் சட்டமே மாறியது. நாம் நல்லெண்ணெயை எள்ளாக நினைப்பதே இல்லை. இட்லி மிளகாய்ப்பொடியில் எள் இருக்கிறது, குழைக்கும் எண்ணெயிலும் எள் இருக்கிறது. குருமாவில் அரைத்துவிட்ட முந்திரியையும் இப்படித்தான் மறந்துவிடுகிறோம். லேபிளில் எழுதுங்கள்.

படி 8: விமானம் வரை

டிராலிகளை முன்கூட்டியே குளிரவைத்து, ட்ரேக்களை அடுக்கி, டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்து, சீல் போட்டு, சீல் எண்ணை எழுதி, விமானக் கதவு உயரத்துக்குப் பெட்டி எழும்பும் ஹை-லிஃப்ட் லாரியில் ஏற்றுங்கள். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துவிடும். மூடிய அறையில் அதிகம் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு நிறைந்து ஆள் மயங்குவார்.

சரி, விமானம் தாமதம். சென்னையில் மே மாத மதியம், லாரி ஓடுதளப் பக்கம் நிற்கிறது. இந்தச் சூழ்நிலைக்குப் பதில் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எந்த வெப்பநிலை வரை ஏற்கலாம், எத்தனை மணி நேரம் கழித்துக் கொட்டி மாற்ற வேண்டும் என்பது விமான நிறுவனத்துடனான ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்த எண்ணைத் தாண்டினால் முடிவெடுக்கும் அதிகாரம் தர அதிகாரிக்கே வேண்டும், அனுப்பும் பிரிவுக்கு அல்ல. விமானம் போக வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர் தெர்மாமீட்டரைத் தாராளமாகத்தான் படிப்பார்.

போய்த் திரும்பும் பயணத்துக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் கிளம்பும் ஊரிலேயே ஏற்றுவது உண்டு. திரும்பும் வேளைக்கான டிராலிக்குக் கூடுதல் டிரை ஐஸ் வேண்டும். அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

படி 9: விமானத்துக்குள்

விமானத்தின் சின்னச் சமையல் பகுதியான கேலியில் (galley) உள்ள அடுப்பு சூடாக்கும். சமைக்காது, நஞ்சை முறிக்காது. ஒரு முறை சூடாக்கிய உணவு மிஞ்சினால் மறுபடி குளிரவைத்துச் சூடாக்கக் கூடாது. தலைமை விமானியும் துணை விமானியும் வேறு வேறு உணவு சாப்பிட வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. பணியாளர்களின் கைக்கும் அதே கழுவும் விதி. கழிவறைக் கதவைச் சரிசெய்த கையோடு ரொட்டிக் கூடையை எடுப்பது நடக்கிற விஷயம்தான்.

தண்ணீரைத் தனியாகப் பார்க்க வேண்டும். காபி, டீக்கான தண்ணீர் விமானத் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டியும் நிரப்பும் லாரியும் குழாயும் கிருமிநீக்கம் செய்யப்படாவிட்டால் சமையலறை எவ்வளவு சுத்தமாக இருந்தும் புண்ணியமில்லை. அமெரிக்கா 2009-ல் விமானக் குடிநீருக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் விமானச் சுகாதார வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. பயணியாக நான் பாட்டில் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வேன்.

பயணிகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். சூடாக வர வேண்டியது வெதுவெதுப்பாக வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம். கர்ப்பிணிகள் குளிர்ந்த இறைச்சி, மென்மையான சீஸ், சாலட் வகைகளைத் தவிர்ப்பது நல்லது. லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும்.

படி 10: பதிவேடு, மாதிரி, புகார், கழிவு

ஒவ்வொரு உணவிலும் ஒரு மாதிரியைத் தேதி, விமான எண்ணோடு குளிரில் சில நாள் வைத்திருங்கள். புகார் வந்தால் அதுதான் சாட்சி. உங்களைக் காப்பாற்றுவதும் அதுவே. புகார் கையாளும்போது ‘ஒருவர்தானே சொன்னார்’ என்று விட்டுவிடாதீர்கள். அதே தொகுதி வேறு எந்த விமானங்களுக்குப் போனது என்று உடனே தேடி, இன்னும் பரிமாறாதவற்றை நிறுத்துங்கள். இந்தத் தேடல் நிமிடங்களில் முடிகிறதா என்று அவ்வப்போது ஒத்திகை பாருங்கள். பயணிகள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.க்குப் புகார் செய்ய 1800112100 என்ற இலவச எண் இருக்கிறது. படமும் விமான எண்ணும் இருக்கை எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாக் ஷீட்டில் எல்லாக் கட்டத்திலும் 4.0, 4.0, 4.0 என்று அழகாக எழுதியிருந்தால், யாரோ ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். உண்மையான ஷீட்டில் 3.6 இருக்கும், 5.8 இருக்கும், 5.8-க்குப் பக்கத்தில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பும் கிறுக்கலான கையெழுத்தும் இருக்கும். தணிக்கைக்குப் போகிறவர்கள் அந்தக் கிறுக்கலைத் தேடுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து வந்த விமானத்தின் மிச்சச் சாப்பாடு. திறக்காத பொட்டலமாக இருந்தாலும் அதைத் திரும்பப் பயன்படுத்தவோ, பன்றிக்கோ மாட்டுக்கோ தீவனமாகக் கொடுக்கவோ கூடாது. பல நாடுகள் அதை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ சொல்கின்றன. 2007-ல் ஜார்ஜியா நாட்டுக்குள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தது கப்பலிலிருந்து இறங்கிய உணவுக் கழிவால்தான் என்று கருதப்படுகிறது. அங்கிருந்து அது ஐரோப்பா, ஆசியா எங்கும் பரவியது. ஆகவே கழிவு வரும் வாசலும் உணவு போகும் வாசலும் வேறு வேறாக இருக்கட்டும். அழுக்கு டிராலியைத் தள்ளுபவர் அதே உடுப்போடு டிஷ்-அவுட் அறைக்குள் வரக் கூடாது.